துளையட்டையும் சிறுகணிப்பொறியும்

காஞ்சி மாநகரின் நெசவாளர் தெருவில் நுழைவோர், தறியின் மேலே துளையிட்ட அட்டைகள் மாலைபோற் கோத்துத் தொங்குவதைக் காண்பர். நெசவாளர் மிதியை அழுத்துந்தோறும் ஓர் அட்டை திரும்பும். துளையுள்ள இடத்தில் ஊசி உட்புகும். அதனோடு இயைந்த பாவிழை மேலெழும். துளையில்லா இடத்தில் இழை எழாது கிடக்கும். துளை உண்டு, இல்லை என்னும் இரண்டே குறிகளால் அன்னமும் மயிலும் யாளியும் சேலைக் கரையில் உருப்பெறுகின்றன. இவ்வமைப்பை 1804ஆம் ஆண்டளவில் பிரான்சு நாட்டு ஜக்கார்டு என்பார் செம்மை செய்தார்.

கணிப்பொறிக்கும் இவ்விரு குறிகளே மொழி. தொடக்கத்தில் அப்பொறி ஓர் அறையையே அடைத்து நின்றது. பெருநிறுவனங்களே அதனை வாங்க வல்லன. அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் 1965இல் பி.டி.பி.-8 என்னும் சிறுகணிப்பொறியை 18,000 டாலர் விலையில் வெளியிட்டது. அவ்விலையும் எளியோர்க்கு எட்டுவதன்று. ஆயினும் ஓர் ஆய்வுக்கூடம் தனக்கென ஒரு பொறியை வைத்துக்கொள்ள வழி பிறந்தது.

நம் நாடு என்றும் அயலார் பொறியையே எதிர்நோக்கியிருத்தல் தகுமோ? அந்நியச் செலாவணி அருகியிருந்த காலம் அது. பிறர் தர மறுப்பின் ஆராய்ச்சியே தடைப்படும். ஆதலின் பம்பாயை அடுத்த டிராம்பேயில், பாபா அணு ஆராய்ச்சி நிலையத்து அறிஞர்கள் தாமே ஒரு பொறியை ஆக்க முனைந்தனர். 1969இல் டி.டி.சி.-12 இயங்கியது. ஐதராபாத்தில் 1967இல் தோன்றிய இந்திய மின்னணுக் கழகம் அம்மரபைத் தொடர்ந்து, எழுபதுகளில் டி.டி.சி.-312, டி.டி.சி.-316 ஆகியவற்றைப் படைத்தது.

டி.டி.சி.-12 ஒருமுறைக்குப் பன்னிரண்டு குறிகளைக் கையாண்டது, டி.டி.சி.-316 பதினாறு குறிகளைக் கையாண்டது. நான்குதானே மிகுதி என்று எண்ணற்க. ஒரு குறி கூடுந்தோறும் அமைக்கத்தக்க வகைகள் இருமடங்காகும். பன்னிரண்டு குறிகளால் 4,096 வகைகளே அமையும். பதினாறு குறிகளாலோ 65,536 அமையும்!

1971இல் கணிக்கும் உறுப்பு முழுவதும் ஒரு சிறு சிலிக்கன் சில்லில் அடங்கிற்று. அதன்பின் சிறுகணிப்பொறிகளின் பெருமை படிப்படியாகக் குன்றியது. இன்று காஞ்சியிலும் கரைக்குரிய ஓவியத்தைக் கணினித் திரையில் வரைகின்றனர். சில தறிகளில் அட்டையே நீங்கி, மின்னணுப் பெட்டி இழையை எழுப்புகின்றது. நெசவாளர்க்கு அது உழைப்பைக் குறைக்கலாம். அட்டையில் துளையிட்டுப் பிழைப்போர்க்கோ வேலை குறைகின்றது.