கூஸ்நெக்ஸ்: பாறைக்குள் இறங்கிய ஆற்று வளைவுகள்

சான் வான் ஆறு, யூட்டா மாநிலம், அமெரிக்கா
பாறைகளின் வயது: சுமார் 30 கோடி ஆண்டுகள்
பள்ளத்தின் ஆழம்: ஏறத்தாழ 300 மீட்டர்

நேர்த்தொலைவில் இரண்டரைக் கிலோமீட்டர் செல்ல, சான் வான் ஆறு இங்கே ஏறத்தாழ 10 கிலோமீட்டர் சுற்றி ஓடுகிறது.

இப்படி நெளிவது சமவெளி ஆற்றின் இயல்பு. இவ்வளவு ஆழமாக அறுப்பது உயர்நில ஆற்றின் இயல்பு. இரண்டும் ஒரே இடத்தில் இருப்பது, நிலம் உயர்ந்ததற்கான சான்று. முன்பு சரிவு குறைந்த நிலத்தில் ஆறு வளைந்து ஓடியது. இப்பகுதி அடங்கிய கொலராடோ பீடபூமி உயர்ந்ததால் சரிவு கூடியது. ஆறு தன் பழைய வளைவுகளை விடாமல் பாறையைக் கீழ்நோக்கி அறுத்தது.

பள்ளத்தின் சுவர்களில் தெரியும் சுண்ணாம்புக்கல் அடுக்குகள் ஆழமற்ற கடலில் படிந்தவை. இன்று அவை கடல்மட்டத்துக்கு மேல் 1,000 மீட்டரைத் தாண்டிய உயரத்தில் நிற்கின்றன.

ஆறு சொல்லும் வரலாறு
நிலம் உயரும்போது ஆற்றின் கீழ்ப்பகுதியில் செங்குத்தான சரிவு உருவாகலாம். அரிப்பு அதை மெல்ல ஆற்றின் மேற்பகுதிக்கு நகர்த்துகிறது. அச்சரிவு இன்று இருக்கும் இடத்தையும், ஆறு மேலே விட்டுச்சென்ற கூழாங்கல் படிவுகளின் உயரத்தையும் வயதையும் கொண்டு, நிலம் எப்போது, எவ்வளவு உயர்ந்தது என்பதை நிலவியலாளர்கள் கணிக்கிறார்கள்.