பல்கலைக்கழகத்தைத் தெரிவு செய்யும் முன்

சமூகவியல் உயர்தரத்தில் ஒரு பாடமே இல்லை. ஆனாலும் பல்கலைக்கழகத்தில் அதைப் படித்துப் பட்டம் பெறலாம். கலைப்பிரிவுச் சகோதரிகள் பலருக்கு இது தெரியாது. நமது விண்ணப்பத்தில் கேட்கப்படுவது 'கலை' என்ற கற்கைநெறியும் பல்கலைக்கழகமும்தான். சமூகவியல், புவியியல், பொருளியல், அரசறிவியல் போன்ற சமூக விஞ்ஞானப் பாடங்களில் சிறப்புக் கலைமாணி செய்ய விரும்பினால், பெரும்பாலும் முதலாம் வருடப் பெறுபேறுகளைப் பார்த்தே அதற்கு எடுப்பார்கள்.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலைப் பார்த்து நமது தெரிவுகளை விருப்ப ஒழுங்கில் எழுத வேண்டும். நமது இசட் புள்ளிக்கு மேலிருந்து முதலில் கிடைப்பது எதுவோ அதுவே நமது இடம். அதற்குக் கீழே எழுதியவற்றைப் பிறகு பார்க்க மாட்டார்கள். ஆகவே வரிசையை யோசித்து எழுத வேண்டும்.

எங்கள் வீட்டில் இந்த வரிசைக்குத்தான் வாக்குவாதம். ஹட்டனில் ரயில் ஏறினால் பேராதனை கிட்டத்தானே என்கிறார் வாப்பா. 1996இல் முழுமையான பல்கலைக்கழகமான தென்கிழக்கில் நம் பிள்ளைகள் நிறையப் பேர் படிக்கிறார்கள், ஒலுவில் தூரமானாலும் பயமில்லை என்கிறார் உம்மா. இருவரும் சொல்வது நியாயம்தான். ஆனால் நான் விரும்பும் பாடத்தைப் பற்றி இருவரும் பேசவில்லை.

நான் முதலில் பார்ப்பது மூன்று விடயங்கள். அந்தப் பாடத்துக்கு அங்கே துறை உண்டா? அதைத் தமிழ் மொழிமூலம் படிக்கலாமா? பேராதனையில் தமிழ்மூலம் உண்டு, ஆனால் எல்லாப் பாடங்களுக்கும் இல்லை. யாழ்ப்பாணம், கிழக்கு, தென்கிழக்குப் பல்கலைக்கழகங்களின் கலைப்பீடங்களில் தமிழ்மூலக் கல்விக்கு இடம் அதிகம். மூன்றாவது, சிறப்புப் பட்டத்துக்கு என்ன பெறுபேறு கேட்கிறார்கள்? இவற்றை அங்கே படிக்கும் ஒரு அக்காவிடம் கேட்பதே நல்லது. தூரம், விடுதி, பஸ் செலவு எல்லாம் அதற்குப் பிறகு. செலவுக்கு 1981இல் தொடங்கிய மஹாபொல புலமைப்பரிசில் ஓரளவு கைகொடுக்கும்.

இசட் புள்ளி போதாவிட்டாலும் வழி அடைந்துவிடாது. திறந்த பல்கலைக்கழகத்தில் கட்டணம் செலுத்தி, வீட்டிலிருந்தபடியே சமூக விஞ்ஞானம் படிக்கலாம்.

லயன் வீடுகளையும் தோட்டத்துப் பெண்களின் உழைப்பையும் பற்றி வெளியூரார் நிறைய ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். இந்த மலைகளில் வளர்ந்த நாமும் கேள்வித்தாளைக் கையில் எடுத்து, நம் ஊரை நாமே ஆராய வேண்டும். கிட்ட இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு பல்கலைக்கழகத்தை முதலாவதாக எழுதிவிடாதீர்கள் சகோதரிகளே. பாடத்தை முதலில் முடிவு செய்யுங்கள்.