மாத்திரை தின்றால் பலம் வருமா?

விளையாட்டு வீரர்கள் பலர் தினமும் வைட்டமின் 'சி', வைட்டமின் 'ஈ' மாத்திரைகளை விழுங்குகிறார்கள். "ஜலதோஷம் அண்டாது, தசை தளராது" என்பது அவர்கள் நம்பிக்கை. இதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அதே மாத்திரை, பயிற்சியின் பலனைக் குறைக்கவும் கூடும்!

அடுப்பும் புகையும்

ஓடும்போது தசைகள் பிராணவாயுவை ஏராளமாகச் செலவழிக்கின்றன. அடுப்பு எரிந்தால் புகை கிளம்புவதுபோல, அப்போது 'பிரீ ராடிகல்' என்ற முரட்டுப் பொருள்கள் தோன்றுகின்றன. இவை அளவு மீறினால் உடலின் ஜீவ அணுக்களைத் தாக்கும். அவற்றை அடக்கும் சக்தி 'சி', 'ஈ' இரண்டுக்கும் உண்டு.

90 கிலோமீட்டர் ஓட்டம்

தென் ஆப்பிரிக்காவில் நடக்கும் 'காம்ரேட்ஸ்' ஓட்டப் பந்தயத்தின் தூரம் சுமார் 90 கிலோமீட்டர். அதில் ஓடியவர்களைப் பற்றிய ஆராய்ச்சி ஒன்று 1993-ல் வெளிவந்தது. சிலருக்குப் பந்தயத்துக்கு முன் 21 நாட்கள், தினம் 600 மில்லிகிராம் 'சி' கொடுக்கப்பட்டது. மற்றவர்களுக்கு வெற்று மாத்திரை. ஓடி முடித்த இரண்டு வாரத்துக்குள், வெற்று மாத்திரை தின்றவர்களில் 100-க்கு 68 பேருக்குச் சளித் தொல்லை கண்டது. 'சி' தின்றவர்களில் 33 பேருக்குத்தான்!

ஆனால் இவ்வளவு கடுமையாக உடலை வருத்தாதவர்களுக்கு, தினமும் 'சி' தின்பதால் ஜலதோஷம் வருவது குறைவதில்லை.

நார்வே சோதனை

நார்வே நாட்டில் 54 வாலிபர்களுக்கும் யுவதிகளுக்கும் 11 வாரம் ஓட்டப் பயிற்சி அளித்தார்கள். ஒரு கோஷ்டிக்குத் தினம் 1,000 மில்லிகிராம் 'சி'யும் 235 மில்லிகிராம் 'ஈ'யும்; மறு கோஷ்டிக்கு வெற்று மாத்திரை. முடிவு 2014-ல் வெளியாயிற்று. ஓடும் திறன் இரு கோஷ்டிக்கும் ஒரே அளவில்தான் கூடியிருந்தது. தசையை ஆராய்ந்தபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. தசைக்குள் சக்தி தயாரிக்கும் நுண்ணிய உலைகள் பெருகும் அடையாளம் வெற்று மாத்திரைக்காரர்களிடம் இருந்தது. வைட்டமின் தின்றவர்களிடம் இல்லை!

என்ன காரணம்?

"வேலை கூடிவிட்டது, உலைகளைப் பெருக்கு" என்று தசைக்குச் சேதி சொல்வதே அந்தப் 'புகை'தான் என்கிறார்கள் விஞ்ஞானிகள். மாத்திரை புகையை அடக்கும்போது சேதியும் அடங்கிப் போகிறது.

தேவை எவ்வளவு?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2020-ல் வகுத்த கணக்குப்படி, ஆணுக்கு நாளொன்றுக்கு வேண்டிய 'சி' 80 மில்லிகிராம், பெண்ணுக்கு 65. நூறு கிராம் கொய்யாப் பழத்திலேயே சுமார் 200 மில்லிகிராம் இருக்கிறது. பயிற்சிக் காலத்தில் தினமும் 1,000 மில்லிகிராம் மாத்திரை எதற்கு? வீரர்களும், அவர்களைப் பெற்றவர்களும் டாக்டரைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு மாத்திரை வாங்குவது நல்லது.