வாயால் சொன்னது புகார் ஆகாது

“மேனேஜரிடம் சொல்லிவிட்டேன், பார்த்துக்கொள்கிறேன் என்றார்.” வேலையிடத்தில் பாலியல் தொல்லைக்கு ஆளான பெண்கள் பலர் இந்த இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள். மேனேஜர் சூப்பர்வைசரைக் கூப்பிட்டு இரண்டு வார்த்தை கண்டிப்பார். இல்லாவிட்டால் அந்தப் பெண்ணையே வேறு ஷிப்டுக்கு மாற்றிவிடுவார். தீபாவளி போய்ப் பொங்கல் வருவதற்குள் தொல்லை மறுபடி ஆரம்பிக்கும். அதன் பிறகுதான் விவரம் தெரிந்தவர்களைத் தேடி வருவார்கள். “எழுத்தில் கொடுத்தீர்களா?” என்று கேட்டால் பதில் இருக்காது.

எழுத்தில் புகார் கொடுக்கச் சட்டம் தரும் அவகாசம் 3 மாதம். சம்பவம் தொடர்ந்து நடந்திருந்தால் கடைசியாக நடந்த நாளிலிருந்து கணக்கு. தக்க காரணம் இருந்தால் புகாரை விசாரிக்கும் குழு இன்னும் 3 மாதம் நீட்டிக்கலாம். நீட்டிப்பார்கள் என்று நம்பிச் சும்மா இருந்துவிடாதீர்கள்.

1997-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன விசாகா தீர்ப்பை ஒட்டி 2013-இல் வந்த பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம் இது. அதனால்தான் இன்றும் ‘விசாகா கமிட்டி’ என்கிறோம். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். அதற்குத் தலைவர் மூத்த பெண் ஊழியர். உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள், ஒருவர் வெளியாள். “கமிட்டி சென்னை ஹெட் ஆபீஸில் இருக்கிறதே” என்று கிளை மேலாளர் சொன்னால் ஏற்காதீர்கள். ஒவ்வொரு கிளையிலும் குழு வேண்டும்.

10 பேருக்குக் குறைவான ஜவுளிக்கடை, கிளினிக், வீட்டு வேலை என்றாலோ, புகாரே முதலாளி மீது என்றாலோ, போக வேண்டிய இடம் மாவட்டத்தின் உள்ளூர்க் குழு. மாவட்ட சமூக நல அலுவலர் பதவி வழியில் அதில் உறுப்பினர். அவருடைய அலுவலகம் பெரும்பாலும் ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே இருக்கும். இந்தக் குழுக்களை அமையுங்கள் என்று சட்டம் வந்து 11 வருடம் கழித்து, 2024 டிசம்பரில், உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்குத் தேதி குறித்து உத்தரவிட வேண்டியிருந்தது. ஆகவே போகிற இடத்தில் “அப்படி ஒரு குழுவா?” என்று கேட்டால் ஆச்சரியப்படாதீர்கள். மனுவின் தலைப்பிலேயே ‘2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளூர்க் குழுவுக்குப் புகார்’ என்று எழுதுங்கள்.

புகார் 6 பிரதிகள் வேண்டும். ஏழாவதாக ஒன்றில் தேதியோடு சீலும் கையெழுத்தும் வாங்கி வீட்டில் வையுங்கள். வாங்க மறுத்தால் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ‘தகாத முறையில் நடந்தார்’ என்று பொதுவாக எழுதினால் விசாரணையில் நிற்காது. எந்தத் தேதி, எத்தனை மணி, ஸ்டோர் ரூமா லிஃப்டா, அவர் வாயிலிருந்து வந்த வார்த்தை என்ன என்பதை அப்படியே எழுதுங்கள், கூச்சமாக இருந்தாலும். சாட்சிகளின் பெயர், முகவரியையும் சேருங்கள். வாட்ஸ்அப் செய்தியை அருவருப்பில் அழித்துவிடுகிறவர்கள் அதிகம், அழிக்காதீர்கள். எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுத்து உதவுவது குழுவின் கடமை.

விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். அதுவரை தினமும் அந்த ஆளின் முகத்தில் விழிக்க வேண்டியதில்லை. எழுதிக் கேட்டால், அவரை இடம் மாற்றவோ உங்களுக்கு 3 மாதம் வரை கூடுதல் விடுப்பு தரவோ குழு பரிந்துரைக்கலாம். சமரசம் நீங்கள் கேட்டால்தான். அதிலும் பணம் வாங்கிக்கொண்டு முடிக்கக் கூடாது. நிரூபிக்க முடியாமல் போனதாலேயே அது பொய்ப் புகாராகிவிடாது. மிரட்டுகிறவர்கள் இதை வசதியாக மறைத்துவிடுவார்கள்.

இனி முதலாளிகளுக்கு. வருடம் ஒருமுறை ஆங்கிலத்தில் 40 ஸ்லைடு ஓட்டி, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிவிட்டால் பயிற்சி முடிந்தது என்று நினைக்கிறார்கள். தையல் லைனில் நிற்கும் பெண்ணுக்கு அதில் என்ன புரியும்? குழு உறுப்பினருக்கே விசாரணை நடத்தத் தெரிவதில்லை. அவர்களுக்குத் தனிப் பயிற்சி தரச் சொல்கிறது சட்டம். ஆடைத் தொழிற்சாலைப் பெண் தொழிலாளி ஒருவர் கொல்லப்பட்ட பிறகு 2022-இல் கையெழுத்தான திண்டுக்கல் ஒப்பந்தத்தைப் பாருங்கள். 25 பேருக்கு ஒருவர் வீதம் தொழிலாளிகளிலிருந்தே கண்காணிப்பாளர்களை வைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். சாதி சொல்லி இழிவுபடுத்துவதையும் தடுக்க வேண்டிய தொல்லைகளில் சேர்த்தார்கள். பக்கத்து மெஷின்காரியிடம் சொல்வதற்கு எச்.ஆர். அறைக் கதவைத் தட்ட வேண்டியதில்லையே. எம்.டி.யே மீட்டிங்கில் பெண்களைக் கேலி பேசிச் சிரிக்கும் நிறுவனத்தில் எந்தப் பயிற்சியும் எடுபடாது.

குழு அமைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். மறுபடி மாட்டினால் இரட்டிப்பு, உரிமமே ரத்தாகலாம். நாளைக்கு வேலைக்குப் போனதும் நோட்டீஸ் போர்டில் குழு உறுப்பினர்களின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எங்கே என்று கேளுங்கள். அதையும் எழுத்தில் கேளுங்கள்.

குழுவிடம் கொடுத்தால் போலீசுக்குப் போக முடியாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பாரதிய நியாய சன்ஹிதா 75-ஆம் பிரிவில் தனியாகப் புகார் கொடுக்கலாம். எங்கே போவதென்றே தெரியாவிட்டால் 181-ஐ அழையுங்கள். ஆனால் போனில் சொல்லிவிட்டோம் என்று விட்டுவிடாதீர்கள். 3 மாதத்துக்குள் எழுதிக் கொடுத்துச் சீல் வாங்குங்கள்.