ஃபர்ஸ்ட் குரூப்தான் எடுக்கணுமா? பிளஸ் ஒன் சேரும் முன் வீட்டில் பேச வேண்டிய விஷயங்கள்!

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த கையோடு பல வீடுகளில் பஞ்சாயத்து ஆரம்பித்துவிடுகிறது. அறிவியலில் 95 எடுத்த பிள்ளையை இன்ஜினீயர் ஆக்கிப் பார்க்க அப்பாவுக்கு ஆசை. அம்மாவுக்கு டாக்டர் கனவு. பக்கத்து வீட்டு மாமா, 'கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கலைன்னா ஐ.டி வேலை கிடைக்காது' என்று ஒரு குண்டைப் போட்டுவிட்டுப் போவார். அதற்குள் பள்ளியிலிருந்து, 'நாளைக்குள்ள குரூப் சொல்லுங்க, சீட் முடியப்போகுது' என்று போன் வந்துவிடும். பிள்ளையிடம் யாராவது கேட்டார்களா என்றால், பெரும்பாலும் இல்லை.

முதலில் மாமாவின் குண்டைச் செயலிழக்க வைத்துவிடலாம். தமிழ்நாடு பொறியியல் கவுன்சலிங்கில் கட் ஆஃப் 200-க்குக் கணக்கிடப்படுகிறது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. கம்ப்யூட்டர் சயின்ஸ் மதிப்பெண்ணுக்கு அதில் இடமே இல்லை. பயோ-மேத்ஸ் படித்தவரும் கம்ப்யூட்டர் இன்ஜினீயரிங் சேரலாம். புரோகிராமிங் பிடித்த பிள்ளைக்கு அந்த குரூப் நல்லதுதான். அது இல்லாமல் வேலை இல்லை என்பது மட்டும் கட்டுக்கதை.

கணிதமா, உயிரியலா?

உண்மையான கேள்வி இதுதான். எதை விட்டால் எந்தக் கதவு மூடும் என்று தெரிந்துகொண்டு விட வேண்டும்.

கணிதம் இல்லாத ப்யூர் சயின்ஸ் குரூப்பில் இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் இருக்கும். கணிதம் என்றாலே காய்ச்சல் வரும் பிள்ளைக்கு நிம்மதியான தேர்வு. நர்ஸிங், பி.பார்ம், பாராமெடிக்கல், கால்நடை மருத்துவம் எல்லாம் திறந்தே இருக்கும். ஆனால், பொறியியல் கவுன்சலிங் கிடையாது. 'பயோடெக்னாலஜிதானே, உயிரியல் போதும்' என்று நினைக்கிறவர்கள் கவனிக்க... அந்த கவுன்சலிங் வழியாக பி.டெக் பயோடெக்னாலஜி சேரவும் கணிதம் வேண்டும். ஆர்க்கிடெக்சருக்கும் அப்படியே.

உயிரியலை விட்டால் மருத்துவப் பக்கம் கடினமாகிவிடும். நீட் தேர்வின் 720 மதிப்பெண்களில் 360, அதாவது சரிபாதி உயிரியலுக்கு. உயிரியலைக் கூடுதல் பாடமாகத் தனியே எழுதி நீட்டுக்குத் தகுதி பெறலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023-ல் வழிவிட்டது உண்மைதான். ஆனாலும், இரண்டு வருடப் பாடத்தைத் தனியாக உட்கார்ந்து படிப்பது எல்லோராலும் முடிகிற காரியமில்லை.

கால்நடை மருத்துவம் பற்றி ஒரு தகவல். தமிழ்நாட்டின் மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான். 'டாக்டர்' என்ற வார்த்தையைக் கேட்டதுமே கோச்சிங் சென்டருக்கு ஓடும் பெற்றோர் பலருக்கு இது தெரிவதில்லை.

அறிவியலே பிடிக்கும் பிள்ளைக்கு?

டாக்டர், இன்ஜினீயர் என்றே பேசும் வீடுகளில் மூன்றாவது ரகப் பிள்ளை ஒன்று இருக்கும். வானத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும், எறும்பு ஏன் வரிசையில் போகிறது என்று கேட்கும். அவர்களுக்குத்தான் ஐசர் கல்வி நிறுவனங்கள். நாட்டில் ஏழு ஊர்களில் இருக்கின்றன. நமக்கு அருகில் திருப்பதியும் திருவனந்தபுரமும். இவற்றின் நுழைவுத்தேர்வில் இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் நான்கிலும் தலா 15 கேள்விகள். இங்கே பயோ-மேத்ஸ் படித்தவர்களுக்குக் கை ஓங்கியிருக்கும்.

என்னைக் கேட்டால், கணிதம் ஓரளவு வருகிற, எதில் போவது என்று இன்னும் முடிவெடுக்காத பிள்ளைக்கு பயோ-மேத்ஸ்தான் சரி. ஆனால் சுமை அதிகம். உயிரியலில் தாவரவியல், விலங்கியல் இரண்டும் வரும், கூடவே கணிதமும் ஓடும். பத்தாம் வகுப்புக் கணிதத்தில் தட்டுத்தடுமாறிய பிள்ளையை கெளரவத்துக்காக ஃபர்ஸ்ட் குரூப்பில் தள்ளினால், நான்கு பாடங்களுமே சரியும். பத்தாவது கணித மார்க்கை மட்டும் பார்க்காதீர்கள். டியூஷன் இல்லாமல் தானாகக் கணக்குப் போட உட்காருகிறாளா என்று பாருங்கள்.

இன்னொன்று, பிளஸ் ஒன் பாடம் லேசானது என்று விட்டுவிடக் கூடாது. நீட், ஜே.இ.இ இரண்டிலுமே 11-ம் வகுப்புப் பாடங்களிலிருந்தும் கேள்விகள் வரும். தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் பயப்பட வேண்டாம். நீட், ஜே.இ.இ மெயின் இரண்டையும் தமிழில் எழுதலாம்.

அரசுப் பள்ளிப் பெற்றோர் கவனத்துக்கு!

நல்ல மார்க் எடுத்ததும், 'பிளஸ் ஒன்னுக்குத் தனியார் ஸ்கூல்ல சேர்த்துடலாம்' என்று கடன் வாங்கி ஃபீஸ் கட்டுபவர்கள் உண்டு. கட்டும் முன் ஒரு நிமிடம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவிகித உள் ஒதுக்கீடு, மருத்துவத்தில் 2020-லும் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 2021-லும் வந்தது. 6 முதல் 12-ம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை விதி. கடைசி இரண்டு வருடம் தனியார் பள்ளிக்கு மாறினால் அந்த உரிமை போய்விடும். கடன் வாங்கிச் சேர்த்து, கிடைத்திருக்க வேண்டிய சீட்டை நாமே தட்டிவிட்டதாகிவிடும்.

எந்தப் பள்ளியாக இருந்தாலும், சேர்க்கும் முன் பிள்ளையோடு போய் லேப் எப்படி இருக்கிறது, இயற்பியலுக்கும் கணிதத்துக்கும் நிரந்தர ஆசிரியர் இருக்கிறார்களா என்று கேளுங்கள். வகுப்பு தொடங்கிய பிறகு பிள்ளை திணறினால், காலாண்டுத் தேர்வு முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். முதல் சில வாரங்களுக்குள் தலைமை ஆசிரியரைப் பாருங்கள். இடம் இருந்தால் குரூப் மாற்றித் தரும் பள்ளிகள் உண்டு.