குதிரைவாலும் குதிரைவாலியும்: தாவரப் பெயர் மொழிபெயர்ப்பில் ஒரு சிக்கல்

1. முன்னுரை

தாவரப் பெயரை மொழிபெயர்ப்பவருக்கு இரண்டு கடமைகள் உண்டு. பெயரின் பொருளை உணர்த்துவது ஒன்று; அப்பெயர் சுட்டும் செடியை அடையாளம் காட்டுவது மற்றொன்று. இவ்விரண்டும் எப்பொழுதும் ஒத்துச் செல்வதில்லை. ஆங்கிலத்தில் ‘ஹார்ஸ்டெயில்’ என்று வழங்கும் ஈரநிலச் செடியின் பெயர் இதற்குத் தக்க சான்றாகும். அப்பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘குதிரைவால்’ என்றாகும். தமிழிலோ ‘குதிரைவாலி’ என்பது நெடுங்காலமாக வழங்கிவரும் சிறுதானியப் பெயர். ஓர் இகரமே இவ்விரண்டையும் வேறுபடுத்துகிறது. அவ்வேறுபாடு மறைந்தால் உணவுத் தானியமும் கால்நடைக்குத் தீங்கு செய்யும் செடியும் ஒன்றாகிவிடும். இச்சிக்கலின் இயல்பையும் அதனைத் தீர்க்கும் வழிகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

2. செடியின் இயல்பு

இச்செடியின் அறிவியற் பேரினப் பெயர் ஈக்விசெட்டம். இதற்குப் பூவும் விதையும் இல்லை. தண்டின் நுனியிலுள்ள கூம்பில் தோன்றும் வித்துத் தூள்களால் இது பெருகுகின்றது. தண்டு கணுக்கள் உடையது. கணுவிடைகள் பெரும்பாலும் உட்குழல் கொண்டவை. இலைகள் சிறு செதில்களாகி, ஒன்றோடொன்று இணைந்து, ஒவ்வொரு கணுவிலும் பற்கள் கொண்ட உறைபோலச் சூழ்ந்திருக்கும். ஒளிச்சேர்க்கையைப் பெரும்பாலும் பச்சைத் தண்டே செய்கின்றது. தண்டின் புறத்தோலில் சிலிக்கா படிந்திருப்பதால் அது தொடுவதற்குச் சொரசொரப்பாக இருக்கும்.

ஏறத்தாழ 36 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய நிலக்கரிக் காலத்தில் இவ்வினத்தின் உறவுத் தாவரமான காலமைட்டிஸ், சதுப்புக் காடுகளில் மரமாக ஓங்கி வளர்ந்தது. அக்குலத்துள் இன்று எஞ்சி நிற்பது ஈக்விசெட்டம் என்னும் ஒரே பேரினமாகும். இதில் 15 முதல் 18 வரையிலான சிற்றினங்கள் உள்ளன. சிற்றினப் பெயர்கள் சில, செடியின் வாழிடத்தையே சுட்டுகின்றன: ‘பலுஸ்திரே’ சதுப்புக்குரியது, ‘ஃபுளூவியாட்டிலே’ ஆற்றுக்குரியது, ‘அர்வென்சே’ வயலுக்குரியது. இந்தியாவில் இமயமலைப் பகுதியின் ஓடைக்கரைகளிலும் ஈரமணலிலும் இதன் சில சிற்றினங்கள் வளர்கின்றன.

3. பெயரிடும் நோக்கு

ஒரே செடிக்குப் பல மொழிகள் இட்ட பெயர்களை ஒப்பிட்டால் மூவகை நோக்குகள் புலப்படும்.

முதலாவது, தோற்றம் பற்றியது. இலத்தீனில் ‘ஈக்குவஸ்’ என்பது குதிரையையும் ‘சேட்டா’ என்பது முரட்டு மயிரையும் குறிக்கும். கிரேக்கத்தின் ‘ஹிப்பூரிஸ்’ குதிரைவால் என்றே பொருள்படும். ஆங்கிலப் பெயரும் இவ்வழியைப் பின்பற்றியதே.

இரண்டாவது, பயன் பற்றியது. சிலிக்கா படிந்த தண்டு பாத்திரம் துலக்க உதவியதால் ஆங்கிலத்தில் ‘தேய்க்கும் கோரை’ எனவும், ஜெர்மனில் ‘வெள்ளீயப் பூண்டு’ எனவும் பொருள்படும் பெயர்கள் எழுந்தன. ஜப்பானியத்தில் ‘தோகுசா’ என்பதற்குச் சாணைக்கல் புல் என்பது பொருள். மரத்தை மெருகேற்ற அது பயன்பட்டது. பிரெஞ்சில் வழங்கும் ‘ப்ரெல்’ என்னும் சொல் சொரசொரப்பைக் குறிக்கும் இலத்தீன் வேரிலிருந்து வந்தது. அதன் பழைய வடிவம் ‘அப்ரெல்’. பெண்பாற் சுட்டிடைச் சொல்லாகிய ‘லா’வுடன் புணர்ந்து ‘லப்ரெல்’ என நின்றதை மக்கள் ‘லா ப்ரெல்’ எனப் பிரித்துணர்ந்ததால் முதலெழுத்து சுட்டிடைச் சொல்லோடு போயிற்று.

மூன்றாவது, அமைப்பு பற்றியது. ஜெர்மன் மொழியின் ‘ஷாக்டெல்ஹால்ம்’ என்னும் பெயரில் ‘ஷாக்டெல்’ என்பது பெட்டியைக் குறிக்கும். தொடக்கத்தில் இது தண்டைக் குறித்த ‘ஷாஃப்ட்’ என்பதாகவே இருந்தது. கணுக்கள் ஒன்றினுள் ஒன்று செருகிய பெட்டிகள்போல் தோன்றியமையால் சொல் உருமாறியது. நாட்டார் சொற்பிறப்பு விளக்கம் சொல்லின் வடிவத்தையே மாற்றியமைக்கும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

ஜப்பானியம் மேலும் ஒரு வேறுபாட்டைக் காட்டுகிறது. வயல்வகைச் செடியில், வசந்தத்தின் தொடக்கத்தில் பழுப்பு நிறமான, கிளையற்ற வித்துத் தண்டு முதலில் முளைக்கும். பின்னரே கிளைத்த பச்சைத் தண்டு தோன்றும். முன்னதை ‘ட்சுகுஷி’ என்றும் பின்னதை ‘சுகினா’ என்றும் ஜப்பானியர் அழைப்பர். ட்சுகுஷி, வசந்தகாலத்தில் பறித்துச் சமைக்கப்படும் உணவு. ஒரு செடிக்கு இரு பெயர்கள் வழங்கும் மொழியிலிருந்து பெயர்க்கும்போது இரண்டிடத்தும் ‘குதிரைவால்’ என எழுதினால், மூலம் காட்டும் பருவ வேறுபாடு மறைந்துபோகும்.

4. தமிழில் எழும் சிக்கல்

‘குதிரைவாலி’ என்பது எக்கினோகுளோவா ஃப்ரூமென்டேசியா என்னும் தானியம். ‘நாற்காலி’, ‘முக்காலி’ என்பவை போல, உடைமைப் பொருள் தரும் இகர விகுதி பெற்ற ஆக்கப்பெயர் இது. குதிரையின் வால் போன்ற கதிரை உடையது என விரியும். ‘குதிரைவால்’ என்பதோ விகுதி பெறாத தொகை. எழுத்தில் வேறுபாடு தெளிவாக இருப்பினும் வழக்கில் அது நிலைப்பதில்லை. ‘குதிரைவால் சாறு’, ‘குதிரைவாலிச் சாறு’ என்னும் தொடர்களில் அறியாத சொல்லை அறிந்த சொல்லாகத் திருத்தி வாசிப்பது வாசகர் இயல்பு. மெய்ப்புத் திருத்துவோரும் இதற்கு விலக்கல்லர்.

இதன் விளைவு சொல்லளவில் நிற்பதன்று. ஈக்விசெட்டத்தில் தையமினேஸ் என்னும் நொதி உள்ளது. அது பி1 உயிர்ச்சத்தைச் சிதைக்கும். வைக்கோலுடன் கலந்து இதனைத் தொடர்ந்து தின்னும் குதிரைகள் தளர்ந்து தள்ளாடும். குதிரையின் பெயர் தாங்கிய செடி குதிரைக்கே பகையாவது இங்கு நோக்கத்தக்கது. குதிரைவாலியின் தாளோ நல்ல தீவனம். ‘தீவனத்திலிருந்து ஹார்ஸ்டெயிலை நீக்குக’ என்னும் அறிவுரை ‘குதிரைவாலியை நீக்குக’ எனப் பெயர்க்கப்படின், உழவர் நல்ல தீவனத்தை எறிந்துவிட்டுத் தீயதை வைத்துக்கொள்ள நேரும். மூலிகைப் பொருள்களின் உறைகளிலும் இதே ஆபத்து உள்ளது. 2023ஆம் ஆண்டைப் பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக ஐக்கிய நாடுகள் அவை அறிவித்ததை ஒட்டிக் குதிரைவாலியைப் பற்றிய எழுத்து பெருகியிருப்பதால், இப்பெயரைத் தெளிவாகக் காத்தல் இன்றியமையாததாகின்றது.

உத்தராகண்டம் இதற்கு ஏற்றதொரு களம். அங்கு ஓடைக்கரையில் ஈக்விசெட்டமும் மலைச்சரிவு வயல்களில் ‘ஜங்கோரா’ எனப்படும் குதிரைவாலியும் வளர்கின்றன. அப்பகுதியைப் பற்றிய ஓர் ஆங்கில நூலில் இரு செடிகளும் அடுத்தடுத்த பக்கங்களில் வரக்கூடும்.

5. வால்களின் குழப்பம்

விலங்கின் வாலைக் கொண்டு செடிக்குப் பெயரிடுவது பொதுவான உத்தி. எந்த வால் எந்தச் செடிக்கு என்பதோ மொழிக்கு மொழி மாறும். ஆங்கிலத்தின் ‘நரிவால்’ சிறுதானியம் தமிழில் தினை. ஆங்கிலத்தின் ‘பூனைவால்’ தமிழில் சம்பு. ‘குதிரைவால் மரம்’ என ஆங்கிலத்தில் வழங்குவது தமிழ்நாட்டுக் கடற்கரையில் வளரும் சவுக்கு. ஈக்விசெட்டம் போன்ற கணுக்களும் செதிலிலைகளும் கொண்ட அதன் மென்கிளைகளைக் கருதியே லின்னேயஸ் 1759இல் ‘ஈக்விசெட்டிஃபோலியா’ எனச் சிற்றினப் பெயரிட்டார். இம்மூன்றிற்கும் தமிழில் நிலைத்த பெயர் இருத்தலின் வாலைப் பெயர்க்க வேண்டுவதில்லை.

மூல மொழியிலும் குழப்பம் உண்டு. ‘பெண்குதிரை வால்’ எனப் பொருள்படும் ஆங்கிலப் பெயர் ஹிப்பூரிஸ் வல்காரிஸ் என்னும் நீர்ச்செடிக்கு உரியது. அது பூக்கும் தாவரம். எனினும் பிரிட்டனில் தோட்டம் வைத்திருப்போர் ஈக்விசெட்டத்தையும் அப்பெயராலேயே அழைப்பதுண்டு.

6. தீர்வு

மூன்று நெறிகள் பயன்தரும். முதலாவதாக, அறிவியல், மருத்துவம், வேளாண்மை சார்ந்த நூல்களில் ‘ஈக்விசெட்டம்’ என ஒலிபெயர்த்துச் சிற்றினப் பெயரையும் சேர்த்தல் வேண்டும். இங்குச் செடியின் அடையாளமே முதன்மையானது. இரண்டாவதாக, பொது வாசகருக்கான எழுத்தில் ‘குதிரைவால் பெரணி’ என வகைப்பெயர் சேர்த்து வழங்கலாம். முற்காலத்தில் இவை பெரணிகளிலிருந்து வேறான பிரிவாகக் கருதப்பட்டன. 2016இல் வெளியான பன்னாட்டு வகைப்பாடு இவற்றைப் பெரணி வகுப்பிலேயே சேர்த்துள்ளமையால் இச்சேர்க்கை பிழையாகாது. ‘பெரணி’ என்னும் சொல் தானியம் என்ற எண்ணத்தையும் விலக்கிவிடும். மூன்றாவதாக, இலக்கியத்தில் மூலப் பெயரின் நோக்கு தோற்றமா, பயனா, பருவமா எனக் கண்டு அதற்கேற்பச் சொல்லைத் தேர்தல் வேண்டும். ‘தேய்க்கும் கோரை’ வருமிடத்தில் பாத்திரம் துலக்கும் செயல் புலப்படுதல் வேண்டும். ‘ட்சுகுஷி’ வருமிடத்தில் வசந்தத்தின் வரவு புலப்படுதல் வேண்டும்.

எந்நிலையிலும் ‘குதிரைவாலி’ என்னும் சொல்லை இச்செடிக்கு வழங்கலாகாது. அச்சொல் தமிழ் உழவர் தம் தானியத்திற்கு முன்பே இட்ட பெயர். புதிய பொருளுக்குப் பெயர் தேடும் மொழிபெயர்ப்பாளர், அப்பெயர் ஏற்கெனவே யாருடைய வயலில் விளைகிறது என்பதை முதலில் அறிந்துகொள்ளுதல் வேண்டும்.