வழங்கல் சங்கிலி மேலாண்மை (இளநிலைப் படிப்பு)

வழங்கல் சங்கிலி மேலாண்மை என்பது, மூலப்பொருள் கிடைக்கும் இடம் முதல் இறுதிப் பயனர் வரையிலான பொருள், தகவல், பணம் ஆகிய மூன்று ஓட்டங்களையும் திட்டமிட்டு ஒருங்கிணைக்கும் துறை ஆகும். இந்த ஓட்டங்கள் நாட்டு எல்லைகளைக் கடக்கும்போது அது உலகளாவிய வழங்கல் சங்கிலி எனப்படுகின்றது. வணிக மேலாண்மை இளநிலைப் பட்டப்படிப்பில் இது தனிப் பாடமாகவோ சிறப்புப் பிரிவாகவோ கற்பிக்கப்படுகின்றது. இத்துறையின் அடிப்படைக் கருத்துக்களை விளக்க, புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்கால் துறைமுகமும் அதன் பின்னிலமும் பொருத்தமான எடுத்துக்காட்டாக அமைகின்றன.

வரலாறு

சரக்கைக் கணக்கிட்டுக் கையாளும் வழக்கம் காவிரிக் கழிமுகத்துக்குப் புதியதன்று. காரைக்காலுக்கு வடக்கே உள்ள காவிரிப்பூம்பட்டினத்தில் சரக்கு மூட்டைகளுக்குச் சோழரின் புலி முத்திரை இடப்பட்டதைப் பட்டினப்பாலை குறிப்பிடுகின்றது. இது இன்றைய சுங்க நடைமுறையை ஒத்ததாகும்.

நவீனத் துறையின் கருத்துக்கள் 20 ஆம் நூற்றாண்டில் தோன்றின. 1913 இல் ஃபோர்ட் ஹாரிஸ் என்பவர் சிக்கனக் கொள்முதல் அளவுக்கான வாய்ப்பாட்டை வெளியிட்டார். 1956 ஏப்ரல் 26 அன்று மால்கம் மெக்லீனின் ஐடியல் எக்ஸ் என்னும் கப்பல் 58 கொள்கலன்களுடன் அமெரிக்காவின் நியூவர்க்கில் இருந்து ஹியூஸ்டனுக்குப் புறப்பட்டது. கடல் வணிகத்தின் செலவைப் பெரிதும் குறைத்த கொள்கலன் முறைக்கு இது தொடக்கமாகக் கருதப்படுகின்றது. வழங்கல் சங்கிலி மேலாண்மை என்னும் சொல்லை 1982 இல் கீத் ஆலிவர் என்னும் ஆலோசகர் பரவலாக்கினார்.

பாடத்திட்டம்

இளநிலைப் படிப்பில் பொதுவாகப் பின்வரும் பகுதிகள் இடம்பெறுகின்றன:

- கொள்முதலும் வழங்குநர் தெரிவும்
- தேவை முன்கணிப்பு
- இருப்பு மேலாண்மை
- போக்குவரத்தும் கிடங்கு நிர்வாகமும்
- பன்னாட்டு வணிக ஆவணங்களும் சுங்கமும்
- இடர் மேலாண்மை

கணக்குப்பதிவியல், புள்ளியியல், வணிகச் சட்டம் ஆகிய பாடங்கள் இவற்றுக்கு அடிப்படையாக உள்ளன. பன்னாட்டு வணிகப் பகுதியில் இன்கோடெர்ம்ஸ் எனப்படும் வணிக நிபந்தனைகள் முதன்மையானவை. பன்னாட்டு வணிக மன்றம் 1936 இல் முதன்முதலாக வெளியிட்ட இவற்றின் 2020 பதிப்பில் 11 நிபந்தனைகள் உள்ளன. சரக்கு எந்த இடத்தில் விற்பவரின் பொறுப்பில் இருந்து வாங்குபவரின் பொறுப்புக்கு மாறுகின்றது, கப்பல் கட்டணத்தையும் காப்புறுதியையும் யார் செலுத்துவது என்பவற்றை இவை வரையறுக்கின்றன.

எடுத்துக்காட்டு: காரைக்கால் துறைமுகம்

காரைக்கால் மாவட்டத்தின் தென்கோடியில், நாகூரை அடுத்துள்ள வாஞ்சூரில் இத்துறைமுகம் அமைந்துள்ளது. கட்டி, இயக்கி, ஒப்படைக்கும் முறையில் மார்க் நிறுவனத்துக்கும் புதுச்சேரி அரசுக்கும் இடையே 2006 இல் ஒப்பந்தம் ஏற்பட்டது. 2009 இல் துறைமுகம் செயல்படத் தொடங்கியது. சென்னைக்குத் தெற்கே ஏறத்தாழ 300 கி.மீ. தொலைவில் உள்ள இத்துறைமுகத்தில் ஐந்து கப்பல் தளங்கள் உள்ளன. இறக்கப்படும் சரக்கில் பெரும்பகுதி நிலக்கரி ஆகும். உரம், சுண்ணாம்புக்கல் முதலியனவும் கையாளப்படுகின்றன.

துறைமுகம் அமைந்த மாவட்டம் சிறியது. மூன்று பக்கம் தமிழ்நாட்டாலும் ஒரு பக்கம் கடலாலும் சூழப்பட்டது. எனவே சரக்கின் பெரும்பகுதி அடுத்த மாநிலத்துக்கே செல்கின்றது. அரியலூர், திருச்சிராப்பள்ளி மாவட்டங்களின் சிமெண்டு ஆலைகள் போன்ற நிலக்கரி பயன்படுத்தும் தொழில்கள் இதன் பின்னிலத்தில் உள்ளன.

கப்பலும் ரேக்கும்

பனாமாக்ஸ் வகைக் கப்பல் ஒன்று ஏறத்தாழ 70,000 டன் நிலக்கரியைக் கொண்டு வரக்கூடியது. ஒரு சரக்கு ரயில், அதாவது ஒரு ரேக், ஏறத்தாழ 3,500 முதல் 4,000 டன் வரை ஏற்றும். ஆகவே ஒரு கப்பலின் சரக்கை அகற்ற 18 முதல் 20 ரேக்குகள் வேண்டும். அதே சரக்கை 25 டன் ஏற்றும் லாரிகளில் அனுப்பினால் 2,800 நடைகள் தேவைப்படும்.

கப்பலில் இருந்து சரக்கு இறங்கும் வேகமும் ரேக்குகள் வந்து சேரும் வேகமும் ஒன்றாக இருப்பதில்லை. இந்த வேறுபாட்டை ஈடுகட்டுவதே துறைமுகத்தின் சேமிப்புக் களத்தின் பணி ஆகும். களம் நிறைந்துவிட்டால் அடுத்த கப்பல் கடலில் காத்திருக்க நேரிடும். ஒப்பந்தத்தில் அனுமதிக்கப்பட்ட காலத்தைத் தாண்டிக் கப்பல் நிறுத்தப்பட்டால், கப்பலை வாடகைக்கு எடுத்தவர் டெமரேஜ் எனப்படும் தாமதக் கட்டணம் செலுத்த வேண்டும். சரக்கு ஏற்றத் தாமதமானால் ரயில்வேயும் இவ்வாறான கட்டணத்தை விதிக்கின்றது. பல ஆயிரம் கி.மீ. கடல் பயணத்தில் மிச்சப்படுத்திய பணம், சில கி.மீ. தொலைவுள்ள கரைப்பகுதியில் இவ்வாறு இழக்கப்படலாம். வழங்கல் சங்கிலியின் செலவு பெரும்பாலும் அதன் கண்ணிகள் இணையும் இடங்களிலேயே தீர்மானிக்கப்படுகின்றது என்னும் கருத்துக்கு இது தெளிவான சான்றாகும்.

நாகூர் – காரைக்கால் அகல ரயில் பாதை 2011 இல் திறக்கப்பட்டது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில், 1898 இல் தொடங்கப்பட்ட பேரளம் – காரைக்கால் மீட்டர் பாதை 1980களில் மூடப்பட்டுப் பின்னர் அகலப் பாதையாக மீண்டும் அமைக்கப்பட்டது.

இருப்புக் கணக்கு

ஆலை ஒன்று நாளொன்றுக்கு 600 டன் நிலக்கரி பயன்படுத்துவதாகவும், கொள்முதல் ஆணை கொடுத்த நாளில் இருந்து சரக்கு வந்து சேர 40 நாட்கள் ஆவதாகவும் கொள்வோம். காத்திருக்கும் காலத்துக்கு மட்டும் 24,000 டன் தேவை. புயல், ரேக் பற்றாக்குறை முதலியவற்றுக்காக 10 நாட்களுக்கு வேண்டிய 6,000 டன் பாதுகாப்பு இருப்பாகச் சேர்க்கப்படுகின்றது. எனவே ஆலையின் இருப்பு 30,000 டன்னாகக் குறையும்போதே அடுத்த ஆணை கொடுக்கப்பட வேண்டும். இது மறு ஆணைப் புள்ளி எனப்படும். பாதுகாப்பு இருப்பை உயர்த்தினால் முதலீடு முடங்கும். குறைத்தால் உற்பத்தி நின்றுபோகும் வாய்ப்பு கூடும்.

ஆவண ஓட்டம்

காரைக்காலில் இறங்கிய சரக்கு அரியலூருக்குச் செல்லும்போது ஒன்றியப் பகுதியில் இருந்து மாநிலத்துக்குள் நுழைகின்றது. 2017 சூலை 1 இல் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தது. 2018 ஏப்ரல் 1 முதல், 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள சரக்கை மாநில எல்லை கடந்து அனுப்ப மின்வழிச் சீட்டு பொதுவாகக் கட்டாயம் ஆக்கப்பட்டது. இறக்குமதிக்கான சுங்க ஆவணம், கப்பல் நிறுவனத்தின் சரக்குச் சீட்டு, வங்கியின் கடன் உறுதிக் கடிதம் ஆகியவையும் உரிய நேரத்தில் கிடைக்க வேண்டும். இவற்றுள் ஒன்று தவறினாலும், சரக்கு கண்ணெதிரே கிடந்தும் வெளியே எடுத்துச் செல்ல இயலாது போகலாம்.

நெல்: மாறுபட்ட சங்கிலி

நிலக்கரியின் வழங்கலை ஓரளவு திட்டமிடலாம். கழிமுகத்தின் நெல்லில் நிலைமை வேறு. சம்பா அறுவடை சில வாரங்களிலேயே குவிகின்றது. அரிசியின் தேவையோ ஆண்டு முழுவதும் ஏறத்தாழச் சீராக உள்ளது. தமிழ்நாட்டு டெல்டா மாவட்டங்களில் நேரடி நெல் கொள்முதல் நிலையங்கள் இந்த வேறுபாட்டை ஏற்கின்றன. கொள்முதலுக்கு 17 விழுக்காடு ஈரப்பதம் பொதுவான வரம்பாகும். குறுவை அறுவடையின்போது மழை பெய்தால் நெல் இந்த வரம்பைத் தாண்டிவிடும். சாக்கு, லாரி, கிடங்கு ஆகியவற்றில் ஏற்படும் தாமதம் இங்கு உழவரின் இழப்பாக மாறுகின்றது.

இடர்களும் பக்க விளைவுகளும்

2018 நவம்பரில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல் நாகப்பட்டினம், காரைக்கால் பகுதிகளைப் பாதித்தது. 2021 மார்ச்சில் எவர் கிவன் என்னும் கப்பல் சூயஸ் கால்வாயில் ஆறு நாட்கள் குறுக்கே சிக்கியது உலக வணிகத்தைத் தடுமாறச் செய்தது.

நிதி இடரும் இதில் அடங்கும். துறைமுகத்துக்கான முதலீடு தொடக்கத்திலேயே செய்யப்படுகின்றது. வருவாயோ சரக்கின் அளவைப் பொறுத்துப் பின்னரே கிடைக்கின்றது. காரைக்கால் துறைமுக நிறுவனம் திவால் தீர்வு நடவடிக்கைக்கு உட்பட்டது. 2023 ஏப்ரலில் அதானி துறைமுக நிறுவனம் இதனை 1,485 கோடி ரூபாய்க்குக் கையகப்படுத்தியது.

சங்கிலியின் செலவு முழுவதும் பற்றுச்சீட்டில் இடம்பெறுவதில்லை. நிலக்கரித் தூசி குறித்து நாகூர், வாஞ்சூர் பகுதி மக்கள் முறையீடுகளும் போராட்டங்களும் நடத்தியுள்ளனர். இவ்வாறு ஒப்பந்தத்தில் பங்கு பெறாதவர் மீது விழும் செலவு பொருளியலில் புறவிளைவு எனப்படும். நீர் தெளித்தல், மூடிய கடத்திப் பட்டை, மூடிய களம் ஆகியவை இதனைக் குறைக்கும் வழிகள் ஆகும்.

கல்வி நிறுவனங்கள்

2008 இல் நிறுவப்பட்டுச் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம், தளவாடவியலில் வணிக மேலாண்மை இளநிலைப் படிப்பை வழங்குகின்றது. புதுவைப் பல்கலைக்கழகத்தின் காரைக்கால் வளாகத்தில் மேலாண்மைத் துறை செயல்படுகின்றது. தொழிற்பயிற்சியுடன் இணைந்த பட்டப்படிப்புகளுக்கான நெறிமுறைகளைப் பல்கலைக்கழக மானியக் குழு 2020 இல் வெளியிட்டது. இவ்வகைப் படிப்பில் மாணவர் படிக்கும் காலத்திலேயே நிறுவனம் ஒன்றில் உதவித்தொகையுடன் பணி பழகுகின்றார்.

வேலைவாய்ப்பு

மொத்தச் சரக்குத் துறைமுகத்தில் பெரும்பகுதி வேலையை இயந்திரங்கள் செய்வதால், துறைமுகத்தின் அருகே வாழ்வது மட்டும் வேலையை உறுதி செய்வதில்லை. கப்பல் முகவர், சுங்கத் தரகர், சரக்கு அனுப்புநர் ஆகியோரின் அலுவலகங்களிலும், ஆலைகளின் கொள்முதல் பிரிவுகளிலும், கிடங்குகளிலும் தொடக்கநிலைப் பணிகள் அமைகின்றன. சுங்கத் தரகராக உரிமம் பெறுவதற்குப் பட்டம் மட்டும் போதாது. 2018 ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி தனித் தேர்வில் தேற வேண்டும். விரிதாள் கணக்கும் ஆவணங்களைப் பிழையின்றி வாசிக்கும் பழக்கமும் இப்பணிகளில் பெரிதும் பயன்படுகின்றன.